ஒரு விரற்கடை இடம்

மதுரையில் என் பெரியம்மா நாற்பது ஆண்டுகளாகப் பூக் கட்டுகிறவர். இரண்டு மல்லிகை மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்று வைத்து, நாரைச் சுற்றி இழுத்து முடிச்சிடும் வேலையைப் பார்க்காமலே செய்வார். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கையில் முழம் நீண்டுகொண்டிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த முடிச்சு தளரத் தொடங்கியது. வாங்கிப் போனவர்கள், தெரு முனை தாண்டுவதற்குள் பூ உதிர்ந்துவிட்டதென்று திரும்பி வந்தார்கள். "வலிக்குதா பெரியம்மா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லடா. வெரலு பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். கைக்குப் பட்டை போட்டார், மாத்திரை சாப்பிட்டார், எட்டு மாதம் போனது. அதற்குள் ஒருநாள் கடையிலிருந்து வீடு வந்தவரின் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று கேட்டால், கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையில் இருந்த கோளாறு காலுக்கும் வந்த பிறகுதான் ஒரு நரம்பியல் மருத்துவர் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூன்று இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருந்தது.

சென்னையில் கணினி வேலை பார்க்கும் அவர் மகன், எனக்குத் தம்பி முறை, ஒரு வாரம் தேடிப் படித்துவிட்டு ஒரே கேள்வியோடு வந்தான்: "அம்மாவுக்கு செயற்கை டிஸ்க் வைக்கலாமா அண்ணே? எலும்பை ஒட்டி இறுக்க வேண்டாம், கழுத்து முன்னை மாதிரியே அசையுமாம்." அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய்த்தான் நானும் இந்த விஷயத்துக்குள் இறங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. செயற்கை டிஸ்க் வைப்பதா, எலும்பை இணைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. அதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். முதல் இரண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே அடுத்தடுத்த எலும்புகளுக்கு நடுவே ஒவ்வொன்று. வெளியே நார்வளையம், உள்ளே கூழ் போன்ற மையம். 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நம் வீடுகளில் சொல்கிறோம்; உண்மையில் அது இடம்விட்டு நகர்வதில்லை, நீர் வற்றி உயரம் குறைந்து பின்பக்கம் பிதுங்குகிறது. டிஸ்கின் உட்பகுதிக்கு ரத்தக்குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகள் வழியே கசிந்து வரும் சத்தை நம்பியே அது உயிர்வாழ்கிறது. அந்தக் கசிவு எவ்வளவு மெதுவானது என்பதைக் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழுவினர் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களால் காட்டினார்கள். இடுப்புப் பகுதி டிஸ்குகளில் செய்யப்பட்டு 2004-இல் வெளியான அந்த ஆய்வு, முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசப் பரிசு பெற்றது. இவ்வளவு சிக்கனமாக ஊட்டம் பெறும் ஓர் உறுப்பு நடுவயதிலேயே தளர்வது வியப்பில்லை.

எலும்புகளுக்குப் பின்னால், மேலிருந்து கீழாக ஒரு குழாய்வழி. அதற்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. கழுத்தில் அந்த வழியின் முன்பின் அகலம் சராசரியாக 17 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு விரற்கடை. அதில் ஏறக்குறையப் பாதியைத் தண்டுவடமே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் உறைகளும் திரவமும். பிறவியிலேயே 13 மில்லிமீட்டருக்கும் குறைவான வழி உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பிதுக்கமே போதும். டிஸ்க் முன்னாலிருந்து பிதுங்க, விளிம்புகளில் எலும்பு முளைவிட, தண்டுவடத்துக்குப் பின்னால் இருக்கும் தசைநார் தடித்து மடிய, மூன்றுமாகச் சேர்ந்து அந்த விரற்கடை இடத்தைத் தின்னுகின்றன. அண்ணாந்து பார்க்கும்போது அந்தத் தசைநார் இன்னும் உள்ளே மடிந்து வழி மேலும் குறுகும். அதாவது நசுக்கல் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கூடிக் குறைகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செயற்கை டிஸ்க் விவாதத்தின் முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நம்மிடம் 'கழுத்துத் தேய்மானம்' என்று ஒரு சொல் இருக்கிறது. வெறும் கழுத்து வலியும் அதற்குள் அடங்கும், தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் போல இறங்கும் வலியும் அடங்கும், பெரியம்மாவுக்கு வந்ததும் அடங்கும். ஆனால் மூன்றும் மூன்று நோய்கள். கழுத்திலிருந்து பக்கவாட்டில் கைக்குக் கிளம்பும் நரம்பின் வேர் நசுங்கினால் வலி உயிரை எடுக்கும். எனவே நோயாளி உடனே ஓடிவருவார். அந்த வலி பெரும்பாலானவர்களுக்கு வாரக்கணக்கில் தானே அடங்கியும் விடுகிறது. நடுவே இறங்கும் தண்டுவடமே நசுங்கும்போது வலி இல்லாமலே போகலாம். சட்டைப் பித்தான் மாட்ட நேரமாகும். கையெழுத்து கோணும். சாவி கைநழுவும். இருட்டில் நடக்கையில் தள்ளாடும். பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்கள். கடைசியில் சிறுநீர் கட்டுப்பாடும் தளரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடிப்போம்: வயசாகிவிட்டது, சர்க்கரை, சத்துக் குறைவு.

மருத்துவர்களும் தவறவிடுகிறார்கள். இஸ்ரேலில் 42 நோயாளிகளைக் கொண்டு செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அறிகுறிக்கும் சரியான நோயறிதலுக்கும் நடுவே சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. ஐந்தில் இருவருக்கு மேல் முதலில் மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்றே சொல்லப்பட்டிருந்தது. அதைப் படித்த இரவு பெரியம்மாவின் மணிக்கட்டுப் பட்டைதான் நினைவில் நின்றது. எட்டு மாதம் அதிகம் என்று நாங்கள் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தோம். உலகத்தில் அதுவே குறைவான தாமதம் போலிருக்கிறது. 2015-இல் மருத்துவ உலகம் தண்டுவடத்தை நசுக்கும் இந்தக் கோளாறுகளையெல்லாம் ஒரே பெயரின் கீழ், தேய்மானத்தால் வரும் கழுத்துத் தண்டுவட நோய் என்று கொண்டுவர முனைந்தது. பெரியவர்களிடம் தண்டுவடம் செயலிழக்க மிகப் பொதுவான காரணம் இதுவே என்ற போதும், அதுவரை அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது.

நோயின் கடுமையை அளக்க ஜப்பானிய எலும்பியல் சங்கம் 1975-இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தது. குச்சிகளால் சாப்பிட முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. மேற்கே போனபோது குச்சி கரண்டியாகவும் பித்தானாகவும் மாறியது. நம் ஊரில் இதைக் கேட்பதென்றால் சாம்பார் சோற்றைப் பிசைந்து சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று கேட்க வேண்டும். விரல் நுனிகளின் மொத்தக் கணக்கும் அந்த ஒரு கவளத்தில் தெரிந்துவிடும். திருத்தப்பட்ட இந்த முறையில் 18 முழு மதிப்பெண். 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமை. 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. லேசானவர்களுக்கு அறுவையும் செய்யலாம், கண்காணிப்போடு கூடிய உடற்பயிற்சி சிகிச்சையும் பார்க்கலாம். ஸ்கேனில் நசுக்கல் தெரிந்தும் உடலில் எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாகக் கத்தி வைக்கச் சொல்லவில்லை.

லேசான நிலையில் காத்திருப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. செக் நாட்டின் ப்ர்னோ நகரில் லேசான, நடுத்தர நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பத்தாண்டு கழித்தும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. மிகச் சிறிய ஆய்வு அது, என்றாலும் மதிக்க வேண்டியது. ஆனால் காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. குறிப்பிட்ட இடைவெளியில் கையையும் நடையையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 10 விநாடியில் எத்தனை முறை விரல்களை முழுக்க மடக்கி முழுக்க விரிக்க முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பது ஜப்பானிய மருத்துவர்கள் தந்த எளிய சோதனை. 20 வர வேண்டும். பெரியம்மாவுக்கு 12 வந்தது.

இனி அந்த டிஸ்கின் கதை. கழுத்தை முன்பக்கமாகத் திறந்து, கெட்டுப்போன டிஸ்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலும்புத் துண்டு வைத்து மேல்கீழ் எலும்புகளை ஒன்றாக வளரவிடும் முறையை 1950களில் இரண்டு இடங்களில் கண்டுபிடித்தார்கள். பால்டிமோரில் ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும். ஹவாயில் ரால்ஃப் கிளவர்ட். அது வெற்றிகரமான அறுவை. இன்றும் அதுவே அடிப்படை. பிற்பாடு எலும்புத் துண்டுக்குப் பதில் சிறு கூண்டும், தாங்கலுக்கு டைட்டானியத் தகடும் திருகும் வந்தன. ஒரு மூட்டு அசையாமல் போனால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அந்த வேலையையும் சேர்த்துச் சுமந்து சீக்கிரம் தேயாதா என்ற சந்தேகம் மட்டும் தொடர்ந்துகொண்டே இருந்தது. 1999-இல் ஹிலிப்ராண்டும் உடன் ஆய்வாளர்களும் 374 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். இணைப்பு அறுவை செய்துகொண்டவர்களில் ஆண்டுக்கு 2.9 விழுக்காட்டினருக்கு அடுத்த மூட்டில் புதிதாக நோய் வந்தது. பத்தாண்டில் நான்கில் ஒருவருக்கு வரும் என்று கணித்தார்கள். செயற்கை டிஸ்க் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே வேர்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. ஒரு மூட்டை இணைத்தவர்களைவிடப் பல மூட்டுகளை இணைத்தவர்களுக்குப் பக்கத்து மூட்டு நோய் குறைவாகவே வந்தது. இறுக்கம்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பெரும்பாலும் அந்த நோயாளியின் கழுத்து எப்படியும் போகவிருந்த வழியில் போனதாகவே தோன்றுகிறது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எலும்புகளைச் சுற்றித்தான் தேய்மானம் அதிகம். ஒன்றை இணைத்தபோது பக்கத்து மூட்டும் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கும். மருத்துவ விற்பனையில் முதல் கணக்கு மட்டும் ஊர் சுற்றுகிறது, இரண்டாவது அந்த ஆய்வுத் தாளிலேயே தங்கிவிட்டது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அசைவைக் காப்பாற்றும் முயற்சி புதிதல்ல. 1960களில் சுவீடனின் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம், டிஸ்க் இருந்த இடத்தில் எஃகுக் குண்டு ஒன்றை வைத்தார். தென்னாப்பிரிக்காவில் ரைட்ஸும் ஷுபேரும் கழுத்திலும் அப்படிச் செய்து 1964-இல் எழுதினார்கள். குண்டு எலும்புக்குள் புதைந்தது, முயற்சி கைவிடப்பட்டது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் பிரிஸ்டலில், ஃப்ரென்சே மருத்துவமனையின் பிரையன் கமின்ஸ் குமிழும் குழியுமாக ஓர் எஃகு மூட்டை உருவாக்கினார். அதன் வாரிசுதான் 2007 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் கழுத்து டிஸ்கான பிரெஸ்டீஜ். சியாட்டில் நகர நரம்பியல் அறுவை மருத்துவர் வின்சென்ட் பிரையனின் பெயர் தாங்கிய டிஸ்க் ஐரோப்பாவில் 2000-லேயே பொருத்தப்பட்டு, அமெரிக்காவில் 2009-இல் அனுமதி பெற்றது. அடுத்தடுத்த இரண்டு மூட்டுகளில் வைக்க முதலில் அனுமதி வாங்கியது மோபி-சி, 2013-இல். மூன்று மூட்டுகளுக்கு அமெரிக்காவில் எதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

இந்த அறுவை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். கழுத்தின் முன்பக்கம், ஒரு பக்கமாக, தோல் மடிப்போடு சேர்த்து ஒரு சிறு வெட்டு. ஆழத்தில் உள்ள தசைகளை அறுப்பதில்லை, கழுத்துப் பெருந்தமனியை ஒருபுறமும், மூச்சுக்குழாய், உணவுக்குழாயை மறுபுறமும் மெல்ல ஒதுக்கினால் இயல்பான இடைவெளி வழியே எலும்பின் முன்முகம் தெரிகிறது. எக்ஸ்ரே வைத்து எந்த மூட்டு என்று உறுதிசெய்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் டிஸ்கைத் துணுக்குத் துணுக்காக எடுக்கிறார்கள். பின்விளிம்பில் முளைத்த எலும்பை வைரப்பொடி பூசிய சிறு துருவியால் தேய்க்கிறார்கள். கடைசியில், டிஸ்குக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே இருக்கும் பின் நீள்தசைநாரைத் திறந்ததும் தண்டுவடத்தின் உறை தெரிகிறது. நசுங்கிக் கிடந்த உறை மெல்ல முன்னே எழுந்து துடிக்கத் தொடங்கும் அந்த நொடிதான் இந்த அறுவையின் உச்சம். தண்டுவடத்துக்கு நடக்க வேண்டிய நன்மை அப்போதே நடந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதில் கூண்டை வைப்பதா, அசையும் டிஸ்கை வைப்பதா என்பதே நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் கேள்வி. டிஸ்க் தண்டுவடத்தை விடுவிப்பதில்லை. விடுவித்த பிறகு காலியான இடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. நான் முதல் கேள்வி என்று சொன்னது இதைத்தான்: தண்டுவடம் முழுதாக விடுபடுமா, உரிய காலத்தில் விடுபடுமா?

இதில் அசையும் டிஸ்குக்கு ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. மூட்டு இணைந்து அசைவு நின்றுவிட்டால் மிச்சம் விட்ட சிறு முளை எலும்பு பெரும்பாலும் வளர்வதில்லை, நாளடைவில் கரைவதும் உண்டு. அசைவால் வரும் உரசலும் நின்றுவிடும். அசையும் மூட்டில் அந்தச் சலுகை கிடையாது. விட்டுவைத்த முளை மேலும் வளரலாம், ஒவ்வொரு அண்ணாத்தலிலும் தண்டுவடத்தை இடிக்கலாம். எனவே டிஸ்க் வைப்பதானால் விடுவிப்பு இன்னும் முழுமையாக இருக்க வேண்டும். கை வலிக்காக வந்தவருக்கு வரமான அசைவு, தண்டுவடம் நசுங்கியவருக்கு நிபந்தனையோடு வரும் வரம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெரும்பாலானவை நரம்பு வேர் நசுங்கியவர்களைக் கொண்டு நடந்தவை என்பதை முதலில் சொல்ல வேண்டும். டிஸ்கின் நற்பெயர் அவர்களால் வந்தது. தண்டுவட நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்த முக்கியமான முயற்சி 2008-இல் டேனியல் ரியூவும் மற்றவர்களும் செய்தது. பிரெஸ்டீஜ், பிரையன் ஆய்வுகளில் இருந்த அத்தகைய 199 பேரை எடுத்துக்கொண்டார்கள். 106 பேருக்கு டிஸ்க், 93 பேருக்கு இணைப்பு. 2 ஆண்டு முடிவில் இரு பக்கமும் நன்றாகத் தேறியிருந்தது. டிஸ்க் வைத்தவர்களின் தண்டுவடம் மோசமாகிவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் நசுக்கல் ஒரே மூட்டில், டிஸ்க் மட்டத்தில் மட்டுமே இருந்தது. எலும்புக்குப் பின்னேயும் நசுக்கல் உள்ளவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். நான் படித்தவற்றில் மிக நேர்மையான வரி அதுதான்.

டிஸ்குக்குச் சாதகமான வலுவான சான்று இரண்டு மூட்டு நோயாளிகளிடமிருந்து வருகிறது. 330 பேர் கலந்துகொண்ட மோபி-சி ஆய்வில் 4 ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டோர் டிஸ்க் பக்கம் 4 விழுக்காடு, இணைப்புப் பக்கம் 15 விழுக்காடு. சிறிய வித்தியாசம் அல்ல. ஆனால் அந்த ஆய்வில் தனக்கு என்ன வைத்திருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியும், மறு அறுவை வேண்டுமா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கும் தெரியும், செலவு தயாரிப்பாளருடையது. நோயாளிக்குத் தெரியாமல் மறைத்து நடத்திய ஆய்வுகள் வேறு மாதிரி வந்தன. நார்வேயில் 136 பேரைக் கொண்டு 2017-இல் வெளியானதிலும், நெதர்லாந்தில் 109 பேரைக் கொண்டு 2019-இல் வெளியானதிலும், 2 ஆண்டு முடிவில் நோயாளியின் நலனில் வித்தியாசம் இல்லை. நெதர்லாந்துக்காரர்கள் டிஸ்கை எடுத்துவிட்டு எதுவுமே வைக்காத மூன்றாவது குழுவையும் சேர்த்திருந்தார்கள். அவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். இந்த இரண்டும் நரம்பு வேர் நோயாளிகளைப் பற்றியவை, 2 ஆண்டு என்பதும் பக்கத்து மூட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது. ஆனாலும், அறுவையின் பலன் விடுவிப்பில் இருக்கிறது, வைக்கும் பொருளில் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே யாருக்கு டிஸ்க் பொருந்தும் என்று என்னைக் கேட்டால், வயது அதிகமாகாத, ஒன்று அல்லது இரண்டு மூட்டில் மென்மையான பிதுக்கம் மட்டும் தண்டுவடத்தை அழுத்துகிற, அந்த மூட்டு இன்னும் அசைந்துகொண்டிருக்கிற, கழுத்தின் இயல்பான வளைவு கெடாத, எலும்பு வலுவாக இருக்கிற ஒருவருக்கு அது நல்ல தேர்வு. அவரிடம் தயங்காமல் சொல்வேன். ஏற்கெனவே இறுகிப்போன மூட்டில் அசையும் பொருளை வைத்துப் பயனில்லை. பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தால் அசைவே வலியாகும். எலும்புப் புரை உள்ளவருக்கு டிஸ்க் எலும்புக்குள் புதையும், ஃபெர்ன்ஸ்ட்ரோமின் குண்டு புதைந்தது போல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யாமல் டிஸ்க் பேசுவது தவறு. தலையைக் குனிந்தும் அண்ணாந்தும் எடுத்த எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், இவை இரண்டும் எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்.

வைத்த டிஸ்க் காலமெல்லாம் அசையும் என்பதும் உறுதியில்லை. சுற்றிலும் புது எலும்பு வளர்ந்து மூடிக்கொள்வது உண்டு. அதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காவது படியில் மூட்டு முழுக்க இணைந்தே போய்விடும். ஆண்டுகள் ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறுகிறது. அப்படி இணைந்தவர்களும் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள். உலோகமும் ஒரு பிரச்சினை. கோபால்ட்-குரோமியம் டிஸ்க் எம்.ஆர்.ஐ. படத்தில் தன்னைச் சுற்றி நிழல் படியவைக்கும். டைட்டானியம் அவ்வளவு செய்யாது. கை வலி நோயாளிக்கு இது சின்ன விஷயம். தண்டுவடத்தைப் பின்னாளில் மறுபடி படமெடுத்துப் பார்க்க வேண்டிவரும் நோயாளி, இதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதை வைத்தாலும் முன்பக்க அறுவையில் சில நாள், சிலருக்குச் சில மாதம், விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் இருக்கும்.

பெரியம்மாவின் சி.டி. ஸ்கேன் வந்ததும் அறுவை மருத்துவர் திரையைத் தம்பி பக்கம் திருப்பினார். தண்டுவடத்துக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு, சுண்ணாம்புக் கட்டியால் இழுத்தது போல. "தம்பி, இது டிஸ்க் இல்ல. டிஸ்குக்குப் பின்னாடி இருக்கிற தசைநாரே எலும்பாயிடுச்சு. மூணு எலும்பு நீளத்துக்கு இருக்கு பாருங்க. டிஸ்கை மட்டும் எடுத்தா இது அங்கேயேதான் இருக்கும்" என்றார். பின் நீள்தசைநார் எலும்பாவதை ஒரு காலத்தில் ஜப்பானிய நோய் என்றே அழைத்தார்கள். 1960-இல் அங்கே விவரிக்கப்பட்ட பிறகு உலகம் கவனித்தது. நம்மிடமும் அது இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் வி. ராஜசேகர் குழுவினர் இத்தகைய நோயாளிகளுக்கு முள்ளெலும்பின் நடுப்பகுதியையே குடைந்தெடுத்து, நோயாளியின் சொந்த எலும்பையே முட்டுக்கொடுத்து, தகடு திருகு இல்லாமல் செய்த அறுவைகளின் நீண்டகால முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். இறக்குமதிப் பொருள் இல்லாமலும் தண்டுவடத்தை விடுவிக்க முடியும் என்பதற்கு அது நம் மாநிலத்திலேயே கிடைக்கும் சான்று.

பெரியம்மாவுக்குப் பின்பக்கமாகச் செய்வதென்று முடிவானது. முள்ளெலும்பின் பின்வளைவை ஒரு பக்கம் முழுதாக வெட்டி, மறுபக்கம் கீல் போல விட்டு, கதவைத் திறப்பது போலத் திறந்துவைக்கும் முறை. 1970களில் ஜப்பானின் ஹிராபயாஷி வகுத்தது. முன்னால் இருக்கும் எலும்பைத் தொடாமல், பின்னால் இடம் உண்டாக்கித் தண்டுவடத்தைப் பின்வாங்க விடுகிறார்கள். இதிலும் மூட்டுகள் இணைக்கப்படுவதில்லை, அசைவு பெருமளவு மிஞ்சுகிறது. அசைவைக் காப்பது செயற்கை டிஸ்கால் மட்டுமே முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த தம்பிக்கு அது புதிய செய்தி. முன்பக்கமா பின்பக்கமா என்று 163 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இரண்டும் சமமாகவே வந்தன. முன்பக்கத்தில், முக்கியமாக விழுங்கும் சிரமத்தால், சிக்கல்கள் கூடுதல்.

அறுவைக்கு நாள் குறித்து இரண்டு வாரம் காத்திருந்தபோது, பெரியம்மா தலைக்குமேல் கூடை தூக்கக் கூடாது, இருசக்கர வண்டியின் பின்னால் உட்காரக் கூடாது, கழுத்தை யாரிடமும் கொடுத்துச் சொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கடைசியாகச் சொன்னதை நம் சலூன்களுக்குப் போகும் ஆண்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். குறுகிய வழியோடு இருக்கும் கழுத்தில் ஒரு சிறு தடுக்கலோ திடீர் திருப்பலோ போதும். இரண்டு கையும் ஒரே நிமிடத்தில் விழுந்துவிடலாம்.

அறுவை முடிந்து ஓராண்டாகிறது. 10 விநாடியில் அவர் கை இப்போது 17 முறை மூடித் திறக்கிறது. முழம் கட்டுகிறார், முடிச்சு நிற்கிறது, ஆனால் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கட்ட முடிகிறது. பழைய வேகம் வரவில்லை. கால் மரப்பு போகவில்லை. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பிழைகளில் எவை பிழைக்கும், எவை பிழைக்காது என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுப்பதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். புறப்படும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, குனியாமல், கண்களை மட்டும் தாழ்த்தி, இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.